இடைத்தங்கல்



திருகோணமலைத் துறைமுகத்தில் நின்று தென்கிழக்கே நோக்கினால், கொட்டியாரக் குடாவின் மறுகரையில் தோன்றும் நிலம் மூதூர் கிழக்கு. சம்பூர் அங்கேதான் இருக்கிறது. கடலும் வயலும் ஒருங்கே வாய்த்த அவ்வூர் மக்கள், 2006ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்து வாகரை வழியாக மட்டக்களப்பை அடைந்தனர். 2007இல் மீண்டும் திருகோணமலை மாவட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆயினும் ஊர் போய்ச் சேரவில்லை. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் இடைத்தங்கல் முகாம்கள் அவர்களுக்கென அமைந்தன.

இடைத்தங்கல் என்றால் வழிப்போக்கர் சத்திரத்தில் தங்குவது போன்றது என்றே நாம் எண்ணுவோம். சில மாதங்களுக்கென்று தகரமும் படங்கும் கொண்டு எழுப்பிய கொட்டில்கள் அவை. வெயிலில் படங்கு ஓரிரண்டு ஆண்டில் நைந்து போகும். தகரமோ நண்பகலில் அடுப்பாகிவிடும். அதன் கீழிருந்து படிக்க இயலவில்லை என்று பிள்ளைகள் சொல்ல நானே கேட்டிருக்கிறேன். உதவி நிறுவனங்கள் கைக்கொள்ளும் 'ஸ்பியர்' நியமத்தின்படி ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் கூரையிடம் வேண்டும். இடத்தை அளக்க அவ்வெண் போதும். அதனுள் ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கும் வந்துவிட்டதே, அதனை எவ்வாறு அளப்பது?

இங்குக் குறைந்தது தகரமோ சீமெந்தோ அன்று. 2007 மே மாதத்தில் சம்பூர்ப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2012இல் 818 ஏக்கர் நிலம் முதலீட்டு வலயமென வர்த்தமானியில் வெளியாயிற்று. வீட்டுத்திட்டம் எதுவாயினும் முதலில் கேட்பது காணி உறுதியைத்தான். உறுதி பெட்டியில் இருந்தது. காணியோ வேலிக்கு அப்பால் இருந்தது! மாற்றுக் காணி தருவதாகச் சொன்னபோது பலர் மறுத்தனர். அதனைப் பிடிவாதம் என்று சொன்னோரும் உண்டு. மீனவனுக்குக் கடலில்லாக் காணியும், உழவனுக்கு நீரில்லாக் காணியும் எதற்கு என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

எங்கள் பள்ளிகளில் மாணவரைச் சேர்க்கும் இடாப்பில் வதிவிடத்துக்கென ஒரு நிரல் உண்டு. அந்நிரலில் முகாமின் பெயரை எழுதும்போது பெற்றோர் சிலர், "ஐயா, சம்பூர் என்றும் பக்கத்தில் போடுங்கோ" என்பர். நானும் எழுதுவேன். விதிக்கு அது பொருந்துமோ, அறியேன்.

அவ்வர்த்தமானி 2015இல் நீக்கப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் 818 ஏக்கர் நிலம் திரும்பக் கிடைத்தது. கடற்படை முகாமினுள் அகப்பட்டிருந்த 177 ஏக்கர் 2016 மார்ச்சில் விடுபட்டது. சம்பூர் மகா வித்தியாலயமும் அதனுடனேயே மீண்டது. ஒன்பது, பத்து ஆண்டுகளுக்குப் பின் சென்றவர்கள் கண்டது காட்டைத்தான். வீடுகள் இல்லை; கிணறுகள் தூர்ந்திருந்தன; எல்லைக்கல் எங்கே என்று முதியோரைக் கேட்டே அறிய வேண்டியிருந்தது. புதரை வெட்டி வெளியாக்கிய இடத்தில், முகாமிலிருந்து கழற்றி வந்த அதே தகரங்களைக் கொண்டு பலர் மீண்டும் கொட்டில் போட்டனர்.