தீக்குச்சி இல்லாமல் பிறக்கும் தீ

(பத்தாம் வகுப்பு மாணவி)

தீக்குச்சியை உரசாமல் தீ பிறக்குமா? 1923-ஆம் ஆண்டிலேயே தீப்பெட்டித் தொழில் தொடங்கிய சிவகாசிக்கு அருகில் வாழும் நம்மிடம் இப்படிக் கேட்டால் சிரிப்போம். ஆனால், தீக்குச்சியும் தீப்பொறியும் இன்றித் தீயை உண்டாக்கும் எஞ்சின்கள் நம் விருதுநகர் சந்திப்பில் பல ஆண்டுகள் இரயில்களை இழுத்திருக்கின்றன. அவற்றை ஓட்டியவர்களுள் என் தாத்தாவும் ஒருவர்.

விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1927-இல் திறக்கப்பட்டது. அன்று அது ஒரு மீட்டர் அகலமுள்ள பாதை. மீட்டர்கேஜ் பாதைகளில் நீராவி எஞ்சின்களுக்குப் பின் வந்து பெயர் பெற்றது ‘ஒய்.டி.எம்.4’ என்னும் டீசல் எஞ்சின். அமெரிக்காவின் ‘ஆல்கோ’ நிறுவனம் வடிவமைத்த இதை, 1968 முதல் நம் நாட்டிலேயே வாரணாசியில் கட்டினார்கள். எடை 72 டன். ஆற்றல் சுமார் 1,350 குதிரைத்திறன்.

இனி, தீ பிறக்கும் விதத்தைப் பார்ப்போம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் அது சூடாகும். டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலேறி, சிலிண்டரில் உள்ள காற்றைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்குகிறது. காற்று கொதிக்கக் கொதிக்கச் சூடேறுகிறது. அந்த நொடியில் டீசலைப் பனிபோலத் தூவினால் அது தானே பற்றிக்கொள்கிறது. 1897-இல் ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டியது இந்தத் தத்துவத்தைத்தான்.

இந்த எஞ்சின் சக்கரத்தை நேரடியாகச் சுழற்றுவதில்லை. ஆறு சிலிண்டர்களின் வலிமை ஒரு ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. அதில் உண்டாகும் மின்சாரம் ஆறு அச்சுகளிலும் உள்ள மோட்டார்களை இயக்குகிறது. ஆக, அது ஓடும் மின்நிலையம் என்றால் மிகையாகாது.

புறப்படும்போது கரும்புகை வருவது ஏன்? கைப்பிடியைத் திருப்பியதும் டீசல் கூடிவிடும். காற்றைத் திணிக்கும் டர்போ வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அதுவரை டீசல் அரைகுறையாக எரிந்து கரியாகிறது.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் பாதை அகலப்பாதையாயிற்று. தாத்தாவின் எஞ்சின் போய்விட்டது. இன்று மதுரை - திருநெல்வேலி பாதையில் மின்சார எஞ்சின்கள் புகையின்றி விரைகின்றன. “நல்லதாகப் போயிற்று! உங்கள் தாத்தாவின் எண்ணெய்ச் சட்டையை மூன்று முறை சோடா போட்டு வெளுத்தவள் நான்” என்கிறார் பாட்டி. பாட்டி சொல்வதும் நியாயந்தானே!

தாத்தாவும் புகைக்காக ஏங்கவில்லை. “ஆறு சிலிண்டரில் ஒன்று சுணங்கினாலும் காது சொல்லிவிடும், அம்மா. அப்படிக் கேட்கப் பழகவே எனக்குப் பல வருடங்கள் ஆயிற்று. அதை இனி யாருக்குச் சொல்லிக்கொடுப்பேன்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. வயதாகிவிட்டதால் அந்தக் காதும் இப்போது மந்தம். அதனால்தான் அவர் சொல்வதை நோட்டில் எழுதி வருகிறேன். இக்கட்டுரை அதன் முதல் பக்கம்.

நீலகிரி மலை இரயிலில், குன்னூருக்கும் உதகைக்கும் இடையே அந்த வகை எஞ்சின் ஓடுகிறது. விடுமுறையில் தாத்தாவை அழைத்துச் செல்ல அப்பா இசைந்திருக்கிறார். “காது கேட்காதே, தாத்தா?” என்றேன். “நடைமேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் போதும், காலுக்குத் தெரியும்” என்றார்.

தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு தொழிலைக் கையாலும் காதாலும் கற்றவர்கள் இருப்பார்கள். இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.