கரை கட்டியவர் கடமை

அணை என்றவுடன் மேட்டூரும் சாத்தனூரும் நம் நினைவுக்கு வருகின்றன. 1934-இல் நிறைவெய்திய மேட்டூரும், 1958-இல் நிறைவெய்திய சாத்தனூரும் அரசின் பெரும் படைப்புகள். அவற்றுக்குப் பொறியாளர் உண்டு, காவல் உண்டு, நீர்மட்டத்தை நாள்தோறும் குறித்து வைக்கும் ஏடும் உண்டு. இவை ஒன்றும் இல்லாத சிற்றணைகளோ நாடெங்கும் எண்ணிறந்து கிடக்கின்றன. அவற்றுள்ளும் ஒரு வகையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். ஒருவர் தமக்குரிய நிலத்தில், பாசனத்தைக் கருதாமல், படகு விடவும் மீன் பிடிக்கவும், மாலை வேளையில் கரைமேல் உலாவவும் கட்டிக்கொள்ளும் அணையே அது.

இத்தகைய ஆசை நம் நாட்டுக்குப் புதிதன்று. கோடைக்கானலின் புகழ்பெற்ற ஏரி இயற்கை தந்தது என்றே பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மதுரை மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்சு என்பவர், 1863-இல், சதுப்பாகக் கிடந்த பள்ளத்தின் குறுக்கே தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கரை எழுப்பி அதனை உண்டாக்கினார். மீன்களை விட்டார், தூத்துக்குடியிலிருந்து படகும் வருவித்தார். அறுபது ஏக்கர்ப் பரப்புள்ள அந்த ஏரி நிரம்பினால் மிகுதி நீர் தானே வெளியேறிச் சென்று, மலைச்சாலையில் நாம் காணும் வெள்ளி அருவியாக விழுகிறது. அருவியின் அழகை வியக்கிறோம். ஏரி நெடுங்காலம் நிலைத்ததற்கு அந்த வழியும் ஒரு காரணம் என்பதை நினைப்பதில்லை. நமக்கு அருகில், ஏலகிரி மலையில், புங்கனூர் ஏரியும் செயற்கை ஏரியே. மலை முழுவதும் ஜமீனின் தனியுடைமையாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1950-களின் தொடக்கத்தில் அது அரசின் வசமாயிற்று. இன்று அங்கே படகு விடுகிறார்கள்.

மண் அணை என்பது என்ன? ஓடையின் குறுக்கே மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, நனைத்து, திமிசு போட்டு இறுக்கிய கரை. நடுவில் நீர் புகாத களிமண். உட்புறச் சரிவில் அலை அரிக்காமல் கல் பதிப்பு. நீரை வேண்டும்போது வெளிவிட மதகு. மிகுந்த நீர் எவர் கையும் படாமல் தானே வழிந்தோடக் கலிங்கு. நம் வட ஆற்காட்டு மக்கள் அதனைக் கோடி என்பர். ஏரி நிரம்பி வழிந்தால் "கோடி போயிற்று" என்று மகிழ்வர். கரையை நீர் தள்ளும் வலிமை, ஏரி எவ்வளவு அகன்றது என்பதைப் பொறுத்ததன்று. கரையோரம் எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது. பத்தடி ஆழமுள்ள குட்டை ஒன்று, பத்தடி ஆழமுள்ள பெரிய ஏரியைப் போலவே தன் கரையை அழுத்துகிறது. ஆகையால் "சிறிய ஏரிதானே" என்று சொல்வதிற் பொருளில்லை. சிறியது உடைந்தால் வெள்ளம் விரைவில் தீரும் என்பது உண்மை. தீர்வதற்குள் கீழே இருப்பவர் கதி என்ன என்பதே கேள்வி.

மண் கரை பெரும்பாலும் இரண்டு வகையில் அழிகிறது. கோடியின் வழியே போக முடியாத வெள்ளம் கரையின் உச்சியைத் தாண்டிப் பாய்வது ஒன்று. கருங்கல் அணை அதனை ஓரளவு தாங்கும்; மண் கரை தாங்காது. வெளிச்சரிவில் விழும் நீர் மண்ணைக் கரைத்துக்கொண்டே மேலேறி, சில மணி நேரத்தில் கரையைப் பிளந்துவிடும். மற்றொன்று உள்ளே நிகழ்வது. எலி வளையோ, பட்டுப்போன மரத்தின் வேர் விட்ட புழையோ, மதகுக் குழாயை ஒட்டிச் சரியாக இறுகாத மண்ணோ நீருக்கு வழி காட்டுகிறது. அந்நீர் மண் துகளை இழுத்துக்கொண்டு வருகிறது, வழி அகல்கிறது, அகன்ற வழியில் இன்னும் மிகுந்த நீர் வருகிறது. வெளியே நின்று பார்ப்பவருக்குக் கரை பச்சைப் புல்லோடு அமைதியாகத் தோன்றும்.

பாசன ஏரிக்கும் இன்ப ஏரிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வருகிறது. பாசன ஏரி ஆண்டுதோறும் வற்றுகிறது. கோடையில் உட்கரை முழுதும் வெயிலில் கிடக்கிறது. பெயர்ந்த கல்லை ஊரார் காண்கிறார்கள். குடிமராமத்து என்ற பெயரில் கூடை மண்ணாவது போடுகிறார்கள். தம் வயலுக்கு நீர் வேண்டுமாகையால் ஏரியின் மேல் நூறு கண்கள் இருக்கின்றன. இன்ப ஏரி வற்றக் கூடாது; வற்றினால் படகு ஏது? ஆண்டு முழுதும் நிறை மட்டத்தில் நிற்பதால் அதன் உட்கரையை எவரும் பார்ப்பதில்லை. பெருமழை வந்தால் ஏற்றுக்கொள்ள உள்ளே இடமும் இல்லை. உடையவரோ, நீர் இன்னும் ஓரடி நின்றால் அழகாயிருக்குமே என்று கோடியில் பலகை செருகுகிறார். மீன் தப்பிப்போகாமல் வலை கட்டுகிறார். நிழலுக்காகக் கரைமேல் மரம் வைக்கிறார். ஒவ்வொன்றும் குற்றமற்ற ஆசையாகவே தோன்றுகிறது.

அந்த ஆசைகள் ஒன்றுகூடினால் என்னாகும் என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 1889-இல் கண்டது. கால்வாய்க்காக அரசு கட்டி, பின்பு பயனற்றுக் கைவிட்ட சவுத் போர்க் அணை தனியார் கைக்கு மாறியது. இடையில் அதனை வைத்திருந்த ஒருவர், அடியிலிருந்த இரும்புக் குழாய்களைப் பெயர்த்து விற்றுவிட்டார். அதன்பின் ஏரியை வடிக்க வழியே இல்லாமற் போயிற்று. 1879-இல் செல்வர்களின் சங்கம் ஒன்று அதனை வாங்கியது. கார்னகி, பிரிக் முதலிய பெருமுதலாளிகள் அதன் உறுப்பினர்கள். வண்டிகள் போவதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் போகாமலிருக்கக் கோடியில் கம்பித் தட்டி வைத்தார்கள். 1889 மே 31-ஆம் நாள் பெருமழையில் மரமும் குப்பையும் வந்து தட்டியை அடைத்தன. எழுபதடிக்கு மேல் உயர்ந்த அந்தக் கரையின்மேல் நீர் ஏறிப் பாய்ந்தது. பிற்பகலில் கரை போயிற்று. சுமார் பதினான்கு மைல் கீழேயிருந்த ஜான்ஸ்டவுன் நகரை வெள்ளம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அடைந்தது. மாண்டவர் 2,200-க்கு மேல். சங்கத்தின்மேல் தொடுத்த வழக்குகள் வெற்றி பெறவில்லை.

வழக்கு என்றதும், நம் மண்ணிலேயே எழுந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சட்டம் பயில்வோர் அதனை இன்றும் படிக்கிறார்கள், நாம்தாம் மறந்துவிட்டோம். இங்கிலாந்தில் 1868-இல் பிரபுக்கள் சபை ஒரு விதியை நிறுவியது. ஆலைக்காக ஒருவர் தம் நிலத்தில் நீரைத் தேக்கினார். அது பழைய சுரங்க வழிகளில் இறங்கி அண்டையாரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. தப்பினால் கேடு செய்யக்கூடிய பொருளைத் தம் நிலத்தில் கொண்டுவந்து சேர்ப்பவர், கவனக்குறைவு இல்லாவிடினும் இழப்புக்கு ஈடு செய்ய வேண்டும் என்பது அந்த விதி. சில ஆண்டுகளுக்குள் அதே கேள்வி வட ஆற்காட்டிலிருந்து போயிற்று. அன்று இம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததும், இன்று ஆந்திரத்தில் உள்ளதுமான கார்வேட்டிநகரம் ஜமீனில், மழையால் ஏரிகள் உடைந்து, சென்னை இரயில்வே கம்பெனியின் பாதைக்குச் சேதம் விளைந்தது. கம்பெனி, ஜமீன்தார் மேல் வழக்கிட்டது. 1874-இல் பிரிவி கவுன்சில் ஜமீன்தார் பக்கம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பைக் காட்டிலும் அதற்குச் சொன்ன காரணமே நமக்கு வேண்டியது. ஏரிகள் இந்நாட்டு வேளாண்மைக்கு உயிர், தொன்றுதொட்டு வருபவை, அவற்றை அழித்துவிட ஜமீன்தாருக்கு உரிமையில்லை, காத்து வருவது அவர் கடமை, ஆகவே தம் சொந்த நன்மைக்காக நீரைத் தேக்கியவரோடு அவரைச் சேர்த்து எண்ணலாகாது என்று கவுன்சில் கருதியது. நேயர்கள் இதனைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஊருக்குச் சோறு போடும் ஏரிக்குக் கிடைத்த அந்தச் சலுகையை, படகு விடுவதற்காகக் கட்டிய ஏரியின் உடைமையாளர் எவ்வாறு கேட்க முடியும்? அவர் தம் மகிழ்ச்சிக்காகத் தேக்கினார். வேண்டாமென்றால் நாளையே வடித்துவிடலாம். அவர் கடமை ஜமீன்தாருடையதைவிடக் கடுமையானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாலாற்றங்கரையில் உள்ளவர்களுக்கு ஏரி உடைப்பு வெறுங்கதை அன்று. 1903 நவம்பரில் ஆற்றின் மேற்பகுதியில், அன்றைய மைசூர் நாட்டில், ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியது, பலர் மாண்டனர். கடப்பை மாவட்டம் போருமாமிள்ளையில் உள்ள 1369-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஏரிக்கு ஆகாத குற்றங்களுள் ஒன்றாக, இரு அரசுகளின் எல்லையில் அமைவதைச் சொல்கிறது. எதற்காக அதனைக் குற்றமென்றார்களோ, வாணியம்பாடிக்கு அது வேறு விதமாய்ப் புரிந்திருக்கும்! கரை ஒருவர் கையில், துன்பம் மற்றவர் தலையில் என்றால் பழுது பார்ப்பது எவருக்கும் அவசரமாவதில்லை.

தேங்குவது நீராகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டையில், தோல் பதனிடும் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேற்றைத் தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுவரின் அப்புறம் என்ன தேங்கியிருக்கிறது என்று உறங்கப் போகுமுன் அவர்களுக்கு எவரேனும் சொல்லியிருப்பார்களா?

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி உடைமையாளர்மேல் பொறுப்பைச் சுமத்துகிறது. ஆய்வு வேண்டும், ஆபத்துக் காலத் திட்டம் வேண்டும் என்கிறது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் நீளம், கொள்ளளவு முதலியவற்றால் பெரியனவாக உள்ளவற்றுக்குமே உரியது. நம் தோட்டத்து ஏரிகள் அதன் வரம்புக்குள் வரா. ஓடைப் புறம்போக்கு அரசுக்குரியதாகையால் அதன் குறுக்கே எவரும் தம் விருப்பப்படி கரை போட முடியாது என்பது வேறு செய்தி. இருபுறமும் தம் பட்டா நிலம் என்பதால் நடுவில் ஓடும் ஓடையும் தமதே என்று நினைப்பவர் பலர்.

ஏற்கெனவே கரை உடையவர்கள் ஐப்பசி பிறக்குமுன் செய்யத்தக்க வேலை சிறிது உண்டு. கோடியில் செருகிய பலகையையும் வலையையும் எடுத்துவிட வேண்டும். மதகு திறக்கிறதா என்று ஒருமுறை திறந்தே பார்க்க வேண்டும். மழை விட்டதும், கரையின்மேல் நடப்பதோடு நில்லாமல், வெளிச்சரிவின் அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்க்க வேண்டும். அங்கே நீர் தெளிவாகக் கசிந்தால் இடத்தைக் குறித்துவைத்துப் பொறியாளரை அழைக்கலாம். கலங்கி வந்தால் கரையின் உள்ளிருந்து மண் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே கீழேயுள்ள குடியிருப்புக்கு ஆளனுப்பி மக்களை மேட்டுக்கு ஏறச் சொல்லி, மதகையும் திறந்துவிட வேண்டும். பொறியாளர் பிறகு வரட்டும்.