மூப்பும் மறதியும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

“வயதாகிவிட்டால் மறதி வரத்தானே செய்யும்!” என்று பெரியவர்களைப் பற்றி நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடும் தாத்தாவைப் பார்த்து நாம் சிரிப்பதுண்டு. அவரும் நம்மோடு சேர்ந்து சிரிப்பார். அது மூப்பின் இயல்பான மறதி. நான் இங்கே எழுத விரும்புவது வேறொரு மறதியைப் பற்றி. ஐம்பது ஆண்டுகள் குழம்பு வைத்த கைக்குப் புளியை எப்போது கரைப்பது என்று தெரியாமல் போவதும், நாள்தோறும் நடந்த தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பதும், பெற்ற மகளையே “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்பதும் மூப்பினால் மட்டும் வருவன அல்ல. அது மூளையின் நோய். மருத்துவர்கள் அதனை டிமென்ஷியா என்கிறார்கள். நம் நாட்டில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது.

இந்நோயில் பல வகைகள் உண்டு. மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனை ஒன்றில் 1901-ஆம் ஆண்டு அகஸ்தே என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். அவரைக் கவனித்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், 1906-இல் அவர் இறந்தபின் அவருடைய மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே ஒருவகைப் படிவுகளும், உள்ளே சிக்கு விழுந்த நூலைப் போன்ற முடிச்சுகளும் காணப்பட்டன. மருத்துவரின் பெயரே நோய்க்கும் பெயராயிற்று.

அப்படியானால் மூளையில் படிவும் முடிச்சும் உள்ளவர்கள் எல்லாரும் நினைவை இழந்தே தீர வேண்டுமா? இக்கேள்விக்கு விடை காண உதவியவர்கள் கன்னியர் மடத்துச் சகோதரிகள் என்று அறிந்தபோது எனக்கு மிகுந்த வியப்பு உண்டாயிற்று. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் 1986-இல் டேவிட் ஸ்னோடன் என்னும் ஆராய்ச்சியாளர், நோட்டர் டேம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த முதிய சகோதரிகளிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஏன் சகோதரிகளைத் தேர்ந்தெடுத்தார் என்றால், அவர்கள் அனைவரும் ஒரே மாதிரியான வீட்டில் வாழ்ந்தவர்கள், ஒரே சமையலறையில் உண்டவர்கள், புகை பிடிக்காதவர்கள். இத்தனையும் ஒன்றாய் இருந்தும் ஒருவருக்கு நோய் வந்து, பக்கத்து அறையில் இருப்பவருக்கு வரவில்லை என்றால், காரணத்தைத் தேடுவது எளிதல்லவா? 75 முதல் 102 வயது வரையிலான 678 சகோதரிகள் இதில் சேர்ந்தார்கள். குறித்த இடைவெளிகளில் நினைவாற்றல் சோதனைக்கு உட்படவும், இறந்தபின் தங்கள் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கவும் அனைவரும் சம்மதித்தார்கள்.

அவர்களுள் சகோதரி மேரி என்பவரின் கதையை நம் பள்ளி மாணவியர் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. எட்டாம் வகுப்புப் படிப்போடு 19 வயதில் ஆசிரியையானார். கற்பித்துக்கொண்டே விடுமுறைகளில் தாமும் படித்து, 41-ஆம் வயதில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்றார். 77 வயது வரை முழு நேரமும், பிறகு 84 வயது வரை பகுதி நேரமும் பாடம் நடத்தினார். 101 வயதில் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்த சோதனையிலும் நல்ல மதிப்பெண்களே பெற்றார். ஆனால் அவருடைய மூளையை ஆராய்ந்தபோது, அதில் அல்சைமர் நோயின் படிவுகளும் முடிச்சுகளும் நிறைய இருந்தன! நோய் மூளையில் குடியிருந்தும் அவருடைய அறிவை அதனால் அசைக்க முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் படிப்பும் வேலையும் உறவும் உள்ளவர்களுக்கு மூளையில் ஒருவிதச் சேமிப்பு உண்டாகிறது என்றும், ஒரு பாதை அடைபட்டாலும் மூளை வேறு பாதையில் வேலை செய்துகொள்கிறது என்றும் அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

இன்னொரு செய்தியும் அந்த மூளைகளிலிருந்து கிடைத்தது. அல்சைமர் மாற்றங்கள் இருந்த சகோதரிகளுள், மூளையின் ஆழத்தில் சிறு சிறு இரத்தக் குழாய் அடைப்புகளும் இருந்தவர்களுக்கே நினைவிழப்பு மிக மிக அதிகமாக இருந்தது. 1997-இல் வெளியான இந்த முடிவு நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஏனெனில் படிவைக் கரைக்க வீட்டில் நம்மால் இயலாது. இரத்தக் குழாயைக் காக்க இயலும். இரத்த அழுத்தத்தின் மேல் அளவை 130-ஐத் தாண்டவிடாமல் நாற்பது வயதிலிருந்தே பார்த்துக்கொள்வது நல்லது என்கிறார்கள். (பெற்றோர்களே, நாற்பது வயது என்பது தாத்தாவின் வயதன்று!) நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே இலையில் வந்தால் கணக்கு என்ன ஆகும்? இதைவிடப் பெரிய தொல்லை, “தலைச்சுற்றல் நின்றுவிட்டது” என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவது. இரத்த அழுத்தம் பெரும்பாலும் அடையாளம் காட்டாமலே இருக்கும். சர்க்கரை நோயும் கொழுப்பும் இவ்வாறே குழாய்களைக் கெடுக்கும். புகையையும் மதுவையும் பற்றி நான் எழுதத் தேவையில்லை. இம்மலரை அப்பாக்களும் வாசிப்பார்கள் அல்லவா?

லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் இத்தகைய காரணங்கள் 14 என்று கணக்கிட்டது. அவை அனைத்தையும் அகற்றிவிட்டால் உலகில் சுமார் 45 விழுக்காடு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழியுண்டு என்றது. அந்த வரிசையில் எனக்கு எதிர்பாராததாக இருந்தது காது. செவி மந்தமானால் சொல்லைப் புரிந்துகொள்ளவே மூளை பெரும்பாடு படுகிறது. மேலும், காது கேளாதவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து விலகிவிடுகிறார். வீட்டில் எல்லாரும் சிரிக்கும்போது, “என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டால், “ஒன்றுமில்லை, விடுங்கள்” என்று நாம் சொல்லிவிடுகிறோம். இப்படிப் பத்து முறை நடந்தால் பதினோராம் முறை அவர் கேட்பதேயில்லை. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் செவிக்கருவியைக் கொடுத்துச் சோதித்தார்கள். 2023-இல் வந்த முடிவின்படி, எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நோய் வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களிடம் மூன்று ஆண்டுகளில் அறிவாற்றல் குறையும் வேகம் 48 விழுக்காடு தணிந்தது. கண்ணாடி அணிய வெட்கப்படாதவர்கள் செவிக்கருவிக்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? கண்புரையைத் தள்ளிப்போடாமல் அறுவை செய்துகொள்வதும் இதைச் சேர்ந்ததே.

ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா என்றால், சேர்த்துச் செய்வதே சிறந்தது என்று பின்லாந்து நாட்டில் காட்டினார்கள். மியா கிவிபெல்தோ என்னும் பெண் மருத்துவரின் தலைமையில், 60 முதல் 77 வயதுள்ள 1260 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். மற்றப் பிரிவினர் காய்கனியும் மீனும் முழுத் தானியமும் உண்டு, உடற்பயிற்சி செய்து, மூளைக்கு வேலை கொடுத்து, ஒருவரோடொருவர் கூடிப் பழகி, இரத்த அழுத்தம் முதலியவற்றையும் சோதித்து வந்தார்கள். ஈராண்டு முடிவில் இரு பிரிவினரும் சோதனைகளில் முன்னேறினர். இரண்டாம் பிரிவினர் 25 விழுக்காடு அதிகமாக முன்னேறியிருந்தார்கள்.

இதைப் படித்தபோது நம் வீடுகளின் நினைவு வந்தது. பின்லாந்தில் பணம் செலவழித்து ஏற்பாடு செய்ததை, நாம் இருக்கும் இடத்திலிருந்தே பிடுங்கிவிடுகிறோம். “நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று கீரை ஆய்வதையும், பூத் தொடுப்பதையும், பால் கணக்கு எழுதுவதையும், கடைக்கு நடப்பதையும் அன்பின் பெயரால் வாங்கிவிட்டு, தொலைக்காட்சிக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்கிறோம். அது ஓய்வு என்று எனக்குத் தோன்றவில்லை. விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்காகக் கோயிலுக்கும் சந்தைக்கும் போகாதே என்பதா? உடன் நடந்து போகலாமே. இருசக்கர வண்டி ஓட்டும் தாத்தாக்கள் தலைக்கவசம் அணியட்டும். தலையில் படும் அடியும் அந்த 14-இல் ஒன்று.

விளம்பரங்களில் வரும் ஞாபகசக்தி மாத்திரைகளைப் பற்றிச் சிலர் கேட்கலாம். இந்நோயைத் தடுப்பதற்காக வைட்டமின் பி, ஈ போன்ற மாத்திரைகளை உண்ணும்படி பரிந்துரைக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே கூறிவிட்டது. வல்லாரையைத் துவையலாக உண்போம். காவலாக நம்ப வேண்டாம். அதே வேளையில், உடலில் பி-12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டாலும், மனச்சோர்வு உண்டானாலும் நினைவு தடுமாறும். அவற்றைச் சிகிச்சையால் சரிசெய்யலாம். இரண்டொரு நாளில் திடீரென்று ஒருவர் நிலைதடுமாறிப் பேசினால் காய்ச்சலோ கிருமியோ காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

இவ்வளவும் செய்தும் நோய் வந்தவர்கள் உண்டு. அந்த 678 பேரிலும் மடத்தின் ஒழுங்கான வாழ்வு வாழ்ந்து, இறுதியில் உடன் சகோதரிகளையே அடையாளம் தெரியாமல் போனவர்கள் இருந்தார்கள். வயதும் பரம்பரையும் யார் சொல்லையும் கேட்பதில்லை. ஆகவே நோயுற்ற ஒருவரைப் பார்த்து, “நடக்கவில்லை, படிக்கவில்லை, அதனால்தான் வந்தது” என்று சொல்வது கொடுமை.

படிக்கவில்லை என்றேன். இந்திய ஆய்வில் ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்நோய் அதிகம். நூறு ஆண்களில் சுமார் 6 பேர் என்றால், பெண்களில் 9 பேர். பள்ளிப்படிப்புக் குறைந்தவர்களிடம் இது மிகுதி. நம் பாட்டிமார்களில் எத்தனை பேரைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்? எங்கள் அம்மாச்சியை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்ததாம். போன பிறகு வராத வகுப்புகளை இப்போது திருப்பித் தர முடியாது. ஆனால் சகோதரி மேரிக்கு 41 வயதில் கிடைத்தது நினைவுக்கு வந்தது. மாலையில் என் வரலாற்றுப் புத்தகத்தை நான் உரக்கப் படிக்க, அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள். சென்ற வாரம் முதல் உலகப்போர் பாடம். 1914-இல் எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது என்று படித்ததும், “நில், நில்! உங்கள் தாத்தாவை ‘சரியான எம்டன்’ என்று திட்டுவேனே, அது இந்தக் கப்பல்தானா?” என்று கேட்டார்கள்.