சாக்கடை நீரில் குளிரும் அணுமின் நிலையம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் பாலோ வெர்டே அணுமின் நிலையம் இருக்கிறது. மூன்று உலைகள், மொத்தத் திறன் கிட்டத்தட்ட 4,000 மெகாவாட். அணுமின் நிலையங்கள் பொதுவாகக் கடலையோ பெரிய ஆற்றையோ ஒட்டித்தான் அமையும். இது நிற்பதோ சொனோரா பாலைவனத்தில். 1986 முதல் மின்சாரம் தந்துவரும் இந்த நிலையத்தைக் குளிர்விப்பது ஃபீனிக்ஸும் அதன் அண்டை நகரங்களும் வெளியேற்றும் சாக்கடை நீர்தான்.

உலையில் பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சிய வெப்பத்தை வெளியேற்றினால்தான் டர்பைனைச் சுழற்றி முடித்த நீராவி மறுபடி நீராகும். கடலோர நிலையங்கள் அதைக் கடலில் விட்டுவிடுகின்றன. பாலைவனத்தில் காற்றிடம்தான் ஒப்படைக்க வேண்டும்; அதற்கு மலிவான வழி, குளிர்விப்புக் கோபுரத்தில் நீரை ஆவியாக்குவது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 2.4 மெகாஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அந்தக் கணக்கில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் நீர் செலவாகும். பாலோ வெர்டேயின் ஆண்டுத் தேவை ஏறத்தாழ 7,500 கோடி லிட்டர்.

நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒருமுறை தூய்மையாக்கப்பட்ட கழிவுநீர், 60 கி.மீ. அளவுக்கு நீளும் குழாயில் இங்கே வந்துசேர்கிறது. வந்ததும் நேரே கோபுரத்துக்குப் போய்விடாது. அதிலுள்ள அம்மோனியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. சுண்ணாம்பு சேர்த்துக் கால்சியம், மெக்னீசியம், பாஸ்பேட், சிலிக்கா ஆகியவற்றைப் படியவைத்து நீக்குகிறார்கள். பிறகு வடிகட்டல். இத்தனை மெனக்கெடலுக்குக் காரணம் உண்டு. கோபுரத்தில் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். சுற்றச் சுற்ற உப்பின் அடர்த்தி ஏறி, குழாய்களில் படிவு கட்டும். தொடக்கத்திலேயே உப்புகளைக் குறைத்துவிட்டால், அதே நீரைப் பலமுறை சுழலவிடலாம். இங்கே உப்பின் அடர்த்தி இருபது மடங்குக்கு மேல் ஏறும்வரை நீர் சுற்றுகிறது. கடைசியில் மிஞ்சும் உப்புக்கரைசல், தரை கசியாதபடி அமைத்த பரந்த குளங்களில் வெயிலில் காய்கிறது. எந்த ஆற்றிலும் ஒரு சொட்டுகூட விடப்படுவதில்லை.

நீரையே தொடாத வழியும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் வறண்ட லிம்போபோ மாகாணத்தில் இருக்கும் மாடிம்பா அனல்மின் நிலையம், பெரிய மின்விசிறிகளால் காற்றை வீசி நீராவியைக் குளிர்விக்கிறது. ஒரு யூனிட்டுக்கு அது செலவிடும் நீர், ஈரக் கோபுர நிலையங்களின் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கட்டுமானச் செலவு அதிகம். விசிறிகளும் மின்சாரத்தைத் தின்னும். அதைவிடப் பெரிய குறை, காற்று சூடேறச் சூடேற உற்பத்தி சரிவது. ஃபீனிக்ஸில் 1990 ஜூனில் வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தொட்டது. அத்தகைய நாளில்தான் ஊர் முழுக்க ஏசி ஓடும். மின்தேவை உச்சத்துக்குப் போகும்.

சூரிய மின்சாரத்துக்கு நீரே வேண்டாம் என்பதும் அரைகுறை உண்மைதான். கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கும் நிலையங்களுக்கும் இதே குளிர்விப்புச் சிக்கல் உண்டு. மொராக்கோவின் வார்ஸாஸாத்தில் 2016இல் இயங்கத் தொடங்கிய முதல் நிலையம் நீரால் குளிர்விக்கப்படுகிறது. அடுத்து வந்த இரண்டும் காற்றுக் குளிர்விப்புக்கு மாறின. ஒளியை நேரடியாக மின்சாரமாக்கும் சூரியத் தகடுகளுக்குத் தூசு துடைக்க மட்டுமே நீர் தேவை. ராஜஸ்தானின் பாட்லாவில் அந்த வேலையையும் நீரின்றிச் செய்யும் ரோபோக்கள் இறங்கிவிட்டன.

பாலோ வெர்டேக்கு இப்போதுள்ள நெருக்கடி வேறு. எவருக்கும் வேண்டாததாக இருந்த கழிவுநீருக்குப் போட்டி வந்துவிட்டது. நிலத்தடி நீரைப் பெருக்கவும், மேலும் தூய்மையாக்கிக் குடிக்கவும் நகரங்களே அதைக் கேட்கின்றன. 2010இல் போட்ட ஒப்பந்தப்படி 2050 வரை நீர் உறுதி என்றாலும், விலை ஏறிக்கொண்டே போகும். அதனால் அக்கம்பக்கத்து உவர்ப்பு நிலத்தடி நீரைக் கலந்து பயன்படுத்தும் வழியும் ஆராயப்பட்டு வருகிறது. உலைகளின் உரிமமோ 2045க்கும் 2047க்கும் இடையில்தான் முடிகிறது.