மூன்று தீவுத் துறை

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், கிளென்ஸ் ஃபெரி என்ற சிற்றூரை ஒட்டி ஓடும் ஸ்னேக் ஆற்றின் நடுவே மூன்று தீவுகள் உண்டு. 1840களில் ஒரிகான் பாதையில் குடும்பம் குடும்பமாக மேற்கே குடியேறப் போனவர்கள், அந்தத் தீவுகளில் ஏறி இறங்கித்தான் வண்டிகளை அக்கரை சேர்த்தார்கள். 1869இல் கஸ் கிளென் என்பவர் அருகே ஓடத்துறை அமைத்த பிறகு இந்த வழி தேவையற்றுப் போனது. நூறாண்டுக்கும் மேல் கழித்து, 1980களிலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, ஊர்மக்களே ஆகஸ்டில் வண்டி பூட்டி ஆற்றில் இறங்கி அந்தப் பயணத்தை நிகழ்த்திக் காட்டினார்கள். திருவிழாக் கூட்டத்துக்கான வேடிக்கை என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. ஏட்டில் ஒரே வரியில் முடிந்துபோகும் செய்தி எத்தனை கைகளின் உழைப்பு என்பதை இப்படித்தான் கண்ணால் பார்க்க முடியும்.

அன்றைய பயணிகள் தென்கரையிலேயே போனால் வறண்ட, கரடுமுரடான வழி. வடகரையில் புல்லும் தண்ணீரும் உண்டு. ஆனால் ஆற்றைக் கடந்தாக வேண்டும். துணியாமல் தென்கரையோடே போனவர்களும் ஏராளம். துணிந்தவர்கள் மாவும் துணியும் நனையாதபடி வண்டிப் பெட்டியை அச்சின் மேல் கட்டை கொடுத்து உயர்த்தினார்கள், இடுக்குகளை அடைத்தார்கள். நீரின் இழுப்பு அடித்துக்கொண்டு போகாமலிருக்க வண்டிகளை ஒன்றோடொன்று பிணைத்தார்கள். கடைசித் தீவுக்கும் அக்கரைக்கும் இடையில்தான் ஆழம் அதிகம். 1843இல் இங்கே உயிர்ப்பலியும் நேர்ந்தது. திரைப்படங்கள் காட்டும் தனி வீரனுக்கு இங்கே வேலையே இல்லை. பக்கத்து வண்டிக்காரன் கயிற்றைப் பிடிக்காவிட்டால் எவனும் கரையேற முடியாது.

ஆற்றின் மேற்புறம் அணைகள் வந்தபின் ஆறே மாறிவிட்டது, இன்று நிகழ்த்திக் காட்டுவது எப்படி உண்மையாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பழைய வெள்ளத்தை யாரும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் நீரில் கால் ஊன்றத் தடுமாறும் மாட்டை அதட்டி நடத்தும் பாடு நடிப்பு அல்ல. இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று: பிறர் நிலத்தில் குடியேறியதைக் கொண்டாடலாமா? இந்த மண்ணின் பழங்குடிகளான ஷோஷோன் மக்கள் அன்றைய பயணிகளுக்கு வழி காட்டினார்கள், சால்மன் மீன் விற்றார்கள். வந்தவர்களின் மந்தைகளோ அவர்கள் நம்பியிருந்த புல்வெளிகளை மேய்ந்து தீர்த்தன. பிற்பாடு ஷோஷோன் மக்களில் பலர் ஃபோர்ட் ஹால் என்ற பழங்குடி ஒதுக்கிடத்துக்குள் அடைக்கப்பட்டார்கள். இதற்காக நிகழ்த்துவதையே கைவிட்டால் அந்த வரலாறும் சேர்ந்து மறைந்துவிடும். எந்த ஊரார் இப்படியொரு கடப்பை மீண்டும் நிகழ்த்தினாலும், கதையை எப்படிச் சொல்வது என்பதை அந்த மண்ணின் பழங்குடிகளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு வண்டியைப் பூட்டட்டும்.