திருப்பூருக்குத் தேவை வாடகை வீடுகள்

திருப்பூருக்கு முன்பு தென்மாவட்டங்களிலிருந்து குடும்பங்களாகவே வந்தனர். கணவனும் மனைவியும் பனியன் நிறுவனங்களில் உழைத்து, லைன் வீடுகளில் குடியிருந்தனர். இன்று பிகார், ஒடிசா, ஜார்கண்ட் மாநிலங்களிலிருந்து பெரும்பாலும் தனித்த இளைஞர்கள் வருகின்றனர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மொத்தக் கருவள விகிதம் தமிழ்நாட்டில் 1.8, பிகாரில் 3.0. ஆகவே இவ்வரவைத் தற்காலிகமானதென்று நான் கருதவில்லை.

இம்மாற்றம் வாடகைச் சந்தையையே புரட்டிவிடுகிறது. ஓர் அறையில் ஐவர் தங்கினால் வாடகை ஐந்து கூலிகளிலிருந்து வருகிறது. குடும்பத்துக்கோ இரண்டு கூலிகள்தாம். அதிலும் பிள்ளைகளின் படிப்புச் செலவு உண்டு. தலைக்கணக்கில் வாடகை வாங்கும் உரிமையாளர் யாரைத் தேர்வார் என்று அறியப் பொருளியல் பட்டம் தேவையில்லை. உள்ளூர் ஏழைக் குடும்பம் ஊருக்கு வெளியே தள்ளப்படும்போது, அதன் கோபம் வடமாநிலத் தொழிலாளர்மீது திரும்புகிறது. ஆதாயம் அடைந்தவரோ வேறொருவர்.

நம் வீட்டுவசதித் திட்டங்கள் பெரும்பாலும் சொந்த வீட்டையே முன்னிறுத்துகின்றன. வேலை தேடி இடம்பெயர்பவருக்கு அது பொருந்தாது. 2020-இல் மத்திய அரசு அறிவித்த மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டம் திசையைச் சரியாகவே காட்டியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கென 2024-இல் திறக்கப்பட்ட விடுதியும் பெருமுயற்சியே. ஆனால், விடுதி தனியாளுக்கானது. பெரிய ஆலைகளை நம்பி நிற்பது. சிறுசிறு பின்னலாடைக் கூடங்கள் நிறைந்த திருப்பூரில் மாநகராட்சி நிலம் தந்து, நிறுவனங்கள் கூட்டாகப் பங்களித்து, குடும்பங்கள் தங்கத்தக்க சிறு வாடகை வீடுகளைக் கட்ட வேண்டும்.