அம்மா, மகன், நடுவில் ஒரு முரசு

பதினைந்து வயது மகன் கதவை அறைந்து சாத்துகிறான். எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் சின்ன வயதில் அடியும் வசவும் பட்டு வளர்ந்த தாய்க்கு அது வெறும் கதவுச் சத்தமல்ல. நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிடுகிறது. எதிரே நிற்பவன் தன் பிள்ளை என்று மனம் உணர்வதற்குள் உடம்பு பழைய பயத்துக்குப் போய்விடுகிறது. அடுத்த நொடி அவள் கத்துவாள். இல்லையென்றால் வாயடைத்துப்போய் அங்கிருந்து நகர்ந்துவிடுவாள். எது நடந்தாலும் மகனுக்கு மனசில் படுவது ஒன்றுதான்: அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை.

இப்படிப்பட்ட பெற்றோர் எங்கோ ஒருவர் அல்லர். அமெரிக்காவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அண்டா குழுவினர் நடத்தி 1998-ல் வெளியிட்ட ஆய்வில், 9,000-க்கும் மேற்பட்ட பெரியவர்கள் பதில் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அடி, பாலியல் அத்துமீறல், வீட்டில் குடி போன்ற ஏதாவது ஒரு துன்பத்தைச் சிறு வயதில் அனுபவித்திருந்தார்கள்.

இப்படித் துன்பப்பட்டு வளர்ந்த பெற்றோரையும் அவர்களுடைய பதின்ம வயதுப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைக்கிற சிகிச்சை ஒன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உருவானது. பெயர் ‘டியூனிங் ரிலேஷன்ஷிப்ஸ் வித் மியூசிக்’. இசைச் சிகிச்சையாளர் விவியன் கோல்குரோவ், மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் சோஃபி ஹாவிகர்ஸ்ட், கிறிஸ்டியான் கீஹோ, டென்மார்க்கின் ஸ்டீன் யாகப்சன் ஆகியோர் அதை ஆய்வு செய்து 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

இசைச் சிகிச்சை என்றதும் நமக்குக் கண்மூடிப் படுத்திருக்கும் நோயாளியும் பின்னணியில் ஒலிக்கும் ஆனந்தபைரவியும் நினைவுக்கு வரலாம். இங்கே யாரும் படுத்துக் கேட்பதில்லை, இருவரும் வாசிக்கிறார்கள். வாசிக்கக் கற்றிருக்க வேண்டியதும் இல்லை.

பெற்றோர்–பிள்ளை உறவை இசை வழியே மதிப்பிட யாகப்சன் வகுத்த பயிற்சிகளைப் பார்த்தால் விஷயம் விளங்கும். முதலில் மாறி மாறி வாசிக்க வேண்டும். பிறகு ஒருவர் முன்னே போக, மற்றவர் பின்தொடர வேண்டும். கடைசியில் இஷ்டம்போல் சேர்ந்து வாசிக்கலாம். பேச்சு கிடையாது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. மகன் முரசை ஓங்கி அடித்துவிட்டு நிறுத்துகிறான். அவன் முடித்துவிட்டானா, மூச்சு வாங்குகிறானா? அம்மா அவன் முகத்தைப் பார்த்தாக வேண்டும். பொறுக்காமல் இடையில் புகுந்தால் அவன் முறை பறிபோகிறது. பயந்து மெல்லத் தட்டினால் அவன் தனியாகிவிடுகிறான். அவன் வேகத்தைக் கையில் வாங்கி, அதே கனத்தில் திருப்பித் தர வேண்டும். வீட்டுச் சண்டையில் தடுக்கி விழும் அதே இடம்தான் இது. ஆனால் இங்கே இன்னொரு தடவை வாசித்துப் பார்க்கலாம்.

கைக்குழந்தையோடு தாய் பேசுவதும் சொற்களால் அல்ல, குரலின் ஏற்ற இறக்கத்தாலும் அசைவின் வேகத்தாலும்தான் என்று மனநல மருத்துவர் டேனியல் ஸ்டெர்ன் 1985-லேயே எழுதினார். அந்த இசைவைத் தன் தாயிடம் பெறாதவருக்கு அறிவுரை மட்டும் சொன்னால் எட்டாது. கையாலும் காதாலும் பழக வேண்டியிருக்கிறது. இதோடு, பிள்ளையின் கோபத்தை அடக்காமல் “என்ன ஆச்சு, மனசு கஷ்டமா இருக்கா?” என்று கேட்கும் வழக்கமும் பெற்றோருக்குப் பயிற்றுவிக்கப்படுகிறது.

மெல்பர்ன் ஆய்வில் 26 பெற்றோர்–பிள்ளை ஜோடிகள் சேர்ந்தன. ஒரு பிரிவுக்கு எட்டு அமர்வுகள் சிகிச்சை. மற்றது காத்திருப்புப் பட்டியலில். ஆய்வு தொடங்கி நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, சிகிச்சை பெற்ற குடும்பங்களில் சண்டை குறைந்திருந்தது. பெற்றோர் சட்டென்று சீறுவது குறைந்திருந்ததை ஆய்வாளர்களே கவனித்துப் பதிவு செய்தார்கள். பிள்ளைகளின் மனநலம் தேறியிருப்பதாக இரு தரப்புமே சொன்னது.

ஒன்று மட்டும் நடக்கவில்லை. தங்கள் உணர்ச்சிகளை அம்மாவோ அப்பாவோ எதிர்கொள்ளும் விதம் குறிப்பிடும்படி மாறிவிட்டதாகப் பிள்ளைகள் சொல்லவில்லை. இந்த ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான். பிள்ளைகள் நன்றி கெட்டவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பத்துப் பதினைந்து வருஷம் அம்மா எப்போது சீறுவாளோ என்று பார்த்தே பழகிய கண், எட்டு அமர்வில் அந்தக் காவலை விட்டுவிடுமா? அம்மா மாறிய பிறகும், அந்த மாற்றத்தை நம்பப் பிள்ளைக்குத் தனியாகக் காலம் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஒரு மேளம் வாங்கி வந்து வீட்டிலேயே தொடங்கிவிட வேண்டாம். ஓங்கிய ஒலியே சிலருக்குப் பழைய காயத்தைத் திறந்துவிடும். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் கூடவே இருக்க வேண்டும். 26 ஜோடி என்பதும் சிறிய எண்ணிக்கைதான். இன்னும் பெரிய ஆய்வு வேண்டும். அதில் ஓராண்டு, ஈராண்டு கழித்தும் பிள்ளைகளிடமே கேட்க வேண்டும், இப்போது வீடு எப்படி இருக்கிறது என்று.